பிரிசெப்டரை யார் தேடுவது? பணியில் இருக்கும் நர்ஸும் ஆன்லைன் முதுநிலைப் படிப்பும்

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் முழுநேர நர்ஸ் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். காலை 7 முதல் இரவு 7 வரை. இல்லையென்றால் இரவு 7 முதல் காலை 7 வரை. மீதி நான்கு நாள் கையில் இருப்பதாகக் கணக்கு சொல்லும். ஆன்லைன் முதுநிலை நர்ஸிங் படிப்புகள் அந்த நான்கு நாளை நம்பித்தான் நடக்கின்றன. வேலையை விட வேண்டியதில்லை, ஊர் மாற வேண்டியதில்லை, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கலாம் என்று பள்ளிகள் சொல்வது பொய்யில்லை. ஆனால் மூன்று இரவு தொடர்ந்து கண்விழித்தவருக்கு நான்காவது நாள் தூக்கத்திலேயே போய்விடும் என்பதையும், படிப்பின் கடைசிப் பகுதி கணினித் திரையில் நடக்காது என்பதையும் அவர்கள் அதே அளவு பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

நர்ஸிங்கை ஆன்லைனில் படிக்க முடியுமா என்று இன்னமும் பலர் கேட்கிறார்கள். அதற்கு விடை கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. மருந்தியலையும் நோய்க்கூறியலையும் ஆராய்ச்சி முறைகளையும் திரை வழியே நன்றாகவே கற்பிக்கலாம். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கல்லீரலின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லப் பழகுவதற்குத்தான் ஒரு கிளினிக் வேண்டும். பக்கத்தில் நின்று திருத்த ஒரு மூத்தவர் வேண்டும். அந்தக் கிளினிக்கையும் மூத்தவரையும் ஏற்பாடு செய்வது யார் பொறுப்பு, பள்ளியா, மாணவரா? ஒரு ஆன்லைன் நர்ஸிங் பட்டத்தின் தரத்தைப் பெருமளவு இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம் என்பது என் கருத்து.

வேலையில் இருக்கும் நர்ஸ் ஏன் மறுபடி படிக்கப் போகிறார் என்பதற்கு ஆசை மட்டும் காரணமில்லை. அமெரிக்காவில் ஆர்என், அதாவது பதிவுபெற்ற நர்ஸ், உரிமம் பெறுவதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நர்ஸ் பற்றாக்குறைக் காலத்தில், மில்ட்ரெட் மாண்டேக் என்ற கொலம்பியா ஆசிரியர் கல்லூரி ஆய்வாளர் 1951-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாண்டுப் படிப்பு ஒன்றை முன்வைத்தார். 1952-இல் சமுதாயக் கல்லூரிகளில் அதன் சோதனை தொடங்கியது. அது வேகமாகப் பரவி, இன்றுவரை அசோசியேட் டிகிரியாக நிற்கிறது. இரண்டாண்டு படித்தவரும் பிஎஸ்என் என்ற நான்காண்டு இளநிலைப் பட்டம் படித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வு. பெறுவது ஒரே உரிமம். வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக்கொள்ளும் இருவருக்கும் வேலையில் வித்தியாசம் தெரியாது. பதவி உயர்வு வரும்போது தெரியும்.

2010-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட 'நர்ஸிங்கின் எதிர்காலம்' அறிக்கை, 2020-க்குள் 80 சதவீத நர்ஸ்களிடம் பிஎஸ்என் இருக்க வேண்டும், முனைவர் பட்டம் உள்ளவர்கள் இரு மடங்காக வேண்டும் என்றது. 80 சதவீத இலக்கு அந்தக் கெடுவுக்குள் எட்டப்படவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிகள் அந்தத் திசையில் தள்ளத் தொடங்கிவிட்டன. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் சட்டமே போட்டது: புதிதாக உரிமம் பெறும் நர்ஸ் பத்தாண்டுக்குள் இளநிலைப் பட்டம் முடித்தாக வேண்டும். நர்ஸிங் தரத்துக்கான மேக்னெட் அங்கீகாரம் தேடும் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் மேனேஜருக்குப் பட்டம் கட்டாயம். தலைமை நர்ஸிங் அதிகாரிக்கு முதுநிலைப் படிப்பு வேண்டும். இருபது வருடம் ஐசியூவில் நின்ற ஒருவர், நேற்று வந்த பட்டதாரிக்குக் கீழே வேலை செய்ய நேர்வது இப்படித்தான். அவர் மறுபடி புத்தகத்தைத் திறக்கிறார்.

தூரத்தில் இருந்தபடி நர்ஸிங் முதுநிலை படிப்பது இணையத்தோடு பிறந்ததல்ல. அதன் வேர் கென்டக்கி மாநிலத்து மலைகளில் இருக்கிறது. மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1925-இல் அங்கே தொடங்கிய அமைப்பு பின்னர் ஃபிரான்டியர் நர்ஸிங் சர்வீஸ் என்று பெயர் பெற்றது. சாலை இல்லாத பள்ளத்தாக்குகளில் நர்ஸ் மருத்துவச்சிகள் குதிரையில் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். 1939-இல் அங்கே ஒரு மருத்துவச்சிப் பள்ளியும் எழுந்தது. ஐம்பது வருடம் கழித்து, 1989-இல், கிட்டி எர்ன்ஸ்டும் கூட்டாளிகளும் சமூகம் சார்ந்த நர்ஸ் மருத்துவச்சிக் கல்வித் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமத்து நர்ஸைப் பட்டணத்துக்கு அழைத்துப் படிக்கவைத்தால் அவர் பட்டணத்திலேயே தங்கிவிடுகிறார் என்பது அவர்கள் கண்ட பிரச்சினை. எனவே பாடம் அவர் வீட்டுக்குப் போனது. சில நாள் மட்டும் நேரில் வருவார். பிரசவப் பயிற்சியை அவர் ஊர்ப்பக்கத்து மருத்துவச்சி ஒருவரிடம் பெறுவார். அந்த மூத்தவருக்குப் பெயர்தான் பிரிசெப்டர். இன்றைய ஃபிரான்டியர் நர்ஸிங் பல்கலைக்கழகம் அந்த வழியில் வந்தது.

இந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தொலைவழி நர்ஸிங் முதுநிலையை முதலில் வகுத்தவர்களுக்கு நேரடிப் பயிற்சிதான் திட்டத்தின் நடுத்தூண். பாடத்தைத் தபாலிலும் பிறகு கணினியிலும் அனுப்பியது அந்தத் தூணைச் சுற்றிக் கட்டிய ஏற்பாடு. பின்னால் வந்த வணிக அலை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பாடத்தை அழகாகப் பதிவுசெய்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு விற்றுவிட்டு, பயிற்சியை மாணவர் தலையில் கட்டிய பள்ளிகள் பெருகின.

முதுநிலை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு வெவ்வேறு உலகங்கள் இருக்கின்றன. நர்ஸிங் கல்வி, நிர்வாகம், தகவலியல் போன்ற பிரிவுகள் ஒன்று. இவற்றுக்குப் புதிய உரிமம் தேவையில்லை. நேரடிப் பயிற்சி குறைவு. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே திட்டப்பணியாக அதை முடித்துக்கொள்ளவும் பல இடங்களில் வழி உண்டு. ஆன்லைன் முறை இவற்றுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அமெரிக்காவின் 19 ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். தெரிந்த பாடத்தின் தேர்வை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பத்து வருடம் சார்ஜ் நர்ஸாக இருந்தவர் ஆள் ஒதுக்கீடு பற்றிய பாடத்தை முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை என்பது நியாயமான ஏற்பாடுதான்.

இரண்டாவது உலகம், மேம்பட்ட நர்ஸிங் பணி. 2008-இல் நர்ஸிங் அமைப்புகள் கூடி வகுத்த ஒருமித்த மாதிரியின்படி இதில் நான்கு பொறுப்புகள்: நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், நர்ஸ் மருத்துவச்சி, மயக்கமருந்து நர்ஸ். இவர்களில் நர்ஸ் பிராக்டிஷனர்தான் ஆன்லைன் படிப்பின் பெரும் ஈர்ப்பு. 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் பொறுப்பைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டாத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதித்து, சாதாரண நோய்களுக்கு மருத்துவம் பார்க்க நர்ஸைத் தயார் செய்வது நோக்கம். ஃபோர்டு 2025 ஜனவரியில், 104 வயதில் காலமானார். அவர் கண்முன்னேயே இந்தப் பிரிவு நான்கு லட்சம் பேர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வை ஒப்பந்தம் இல்லாமலே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதலாம். நியூ மெக்சிகோவில் முடியும். பக்கத்து டெக்சாஸில் டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும்.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 மே கணக்கில் ஆர்என் நர்ஸின் இடைநிலை ஆண்டு வருமானம் 86,070 டாலர். நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260 டாலர். வருடத்துக்கு 40,000 டாலர் வித்தியாசம். முதுகுவலியோடு நோயாளிகளைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அந்தத் தொகையும், அதோடு வரும் பகல்நேரக் கிளினிக் வேலையும் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வெளியில் இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது.

படிப்பின் முதல் பாதி எப்படிப் போகும்? மேல்நிலை நோய்க்கூறியல், மேல்நிலை மருந்தியல், மேல்நிலை உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் அடித்தளம். ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தை வைத்து மாணவர்கள் இவற்றை 'மூன்று பி' என்பார்கள். வாரம் ஒரு பாடப்பிரிவு. புதன் அல்லது வியாழனுக்குள் விவாதப் பக்கத்தில் ஒரு பதிவு; ஞாயிறு நள்ளிரவுக்குள் சக மாணவர்கள் இருவருக்குப் பதில்; மேற்கோள்கள் ஏபிஏ முறையில். ஷேடோ ஹெல்த் என்ற மென்பொருளில் டீனா ஜோன்ஸ் என்ற கணினி நோயாளி இருப்பாள். அவளிடம் கேள்வி கேட்டு, பரிசோதித்து, குறிப்பு எழுத வேண்டும். தேர்வு நேரத்தில் வெப்கேமரா கண்காணிக்கும். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும். நடுவே இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு நேரில் போய்த் தையல் போடுவது போன்றவற்றைச் செய்து காட்ட வேண்டிய இடங்களும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் இது கிடையாது. இருப்பது நல்லது என்பேன்.

இந்தப் பகுதியின் தரத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஆன்லைனில் படித்தவர்கள் சராசரியாக வகுப்பறையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகவே செய்தார்கள் என்றும், இரண்டையும் கலந்த முறை இன்னும் நன்றாக இருந்தது என்றும் கண்டது. அந்தப் பலனுக்குக் காரணம் திரை என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை; கலப்பு முறையில் மாணவர்கள் அதிக நேரம் செலவிட்டதும் கூடுதல் பாடப்பொருள் கிடைத்ததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். நர்ஸ் மாணவரின் சிக்கலும் நேரம்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, ரத்தக்கொதிப்பு மருந்துகள் சிறுநீரகத்தில் எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்று படித்தால் எவ்வளவு மனதில் நிற்கும்? முதல் பாதியில் முழுநேர வேலையோடு ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்துச் சமாளிப்பவர்கள் நிறைய. மூன்றாவது பாடம் சேரும்போது முதலில் பறிபோவது தூக்கம். அதன் விலை நோயாளிக்கும் சேர்ந்தே போகிறது.

பின்பாதிக்கு வருவோம். நர்ஸ் பிராக்டிஷனர் ஆக, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி நேரம் நீண்ட காலம் குறைந்தது 500 மணி என்று இருந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கான தேசியப் பணிக்குழுவின் 2022 தரநிலைகள் அதை 750 ஆக்கின. டிஎன்பி என்ற பணிசார் முனைவர் பட்டத்துக்கு இளநிலைக்குப் பிறகு மொத்தம் 1,000 பணிப்பயிற்சி மணியைப் பல பள்ளிகள் கேட்கின்றன. வாரத்துக்கு இரண்டு நாள், எட்டெட்டு மணி நேரம் என்று போனால் 750 மணிக்கு 47 வாரம் ஆகும். இதற்குச் சம்பளம் கிடையாது. தன் வார்டில் நர்ஸாகச் செய்யும் வேலை இதில் சேராது. மூன்று ஷிஃப்ட், இரண்டு கிளினிக் நாள், மீதி இரண்டு நாளில் அசைன்மென்ட்: ஏறக்குறைய ஒரு வருடம் ஓய்வுநாள் என்பதே இல்லை. அதனால் பலர் இந்தக் கட்டத்தில் ஷிஃப்ட்டைக் குறைக்கிறார்கள். குறைத்தால் சம்பளம் மட்டும் குறைவதில்லை; பல ஆஸ்பத்திரிகளில் வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்குக் கீழே போனால் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அமெரிக்காவில் அது சாதாரண இழப்பில்லை.

நேரத்தைவிடக் கடினமானது ஆளைத் தேடுவது. குடும்ப மருத்துவப் பிரிவில் படிப்பவருக்குப் பெரியவர்கள், குழந்தைகள், மகளிர் நலம், முதியோர் என்று ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பிரிசெப்டர் வேண்டும். பிரிசெப்டருக்குப் பெரும்பாலும் பள்ளி பணம் தருவதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு அவர் தலைமேல் இருக்கிறது. பக்கத்தில் மாணவர் இருந்தால் வேகம் குறையும். அதே கிளினிக்கை மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பிசிஷியன் அசிஸ்டன்ட் மாணவர்களும் கேட்கிறார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கிளினிக்கோடு பல வருட உறவும் ஒப்பந்தமும் இருக்கும். ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஆன்லைன் பள்ளிக்கு ஒன்றும் இருக்காது. எனவே அதன் மாணவர் தெரிந்த டாக்டர், பழைய மேனேஜர், பிள்ளைகளின் டாக்டர் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராமல் காத்திருக்கிறார். பிரிசெப்டர் கிடைக்காமல் ஒரு பருவம் முழுவதும் படிப்பு நிற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தவிப்பைப் பயன்படுத்திப் பிரிசெப்டரைப் பிடித்துத் தரும் தரகு நிறுவனங்களும் வந்துவிட்டன. ஒரு சுற்றுப் பயிற்சிக்கே ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். கல்விக் கட்டணம் கட்டிய பிறகு!

பள்ளி ஒன்று பயிற்சியை ஏற்பாடு செய்யாமல் பட்டம் தருகிறது என்றால் அது கட்டணம் வாங்கிய வேலையின் முக்கியப் பாதியைச் செய்யவில்லை என்றுதான் நான் பார்க்கிறேன். இதில் மாணவர் படும் பாடு ஒரு பக்கம். கிடைத்த பிரிசெப்டரிடம் போக வேண்டிய நிலையில் நல்லவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போவது இன்னும் ஆபத்தானது. ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்த 750 மணியும், தானே நோயாளியைப் பரிசோதித்துத் திருத்தம் வாங்கிய 750 மணியும் பதிவேட்டில் ஒரே எண்தான். 2024-இல் புளூம்பெர்க் பிசினஸ்வீக் வெளியிட்ட தொடர் கட்டுரைகள், போதிய பயிற்சி இல்லாமல் வெளிவந்த நர்ஸ் பிராக்டிஷனர்களால் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்குகளைப் பேசின. அதற்கு எதிர்வினையாக நர்ஸ் அமைப்புகள், நர்ஸ் பிராக்டிஷனர்களின் சிகிச்சை பாதுகாப்பானது என்று காட்டும் பல பத்தாண்டு ஆய்வுகளைச் சுட்டின. இரண்டு தரப்பும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நல்ல பயிற்சி பெற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வு, மோசமான பயிற்சிக்குச் சான்றிதழ் ஆகாது.

சில மாநிலங்கள் இதைத் தங்கள் பக்கத்திலிருந்து சரிசெய்யப் பார்த்தன. ஜார்ஜியா, மேரிலாந்து, கொலராடோ, ஹவாய் ஆகியவை பிரிசெப்டர்களுக்கு வரிச்சலுகை தருகின்றன. நல்ல யோசனை, ஆனால் பள்ளி செய்ய வேண்டியதை வரிப்பணம் செய்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. மறுபக்கம், பயிற்சி இடம் தேடித்தரத் தனியாக ஆட்களை வைத்திருக்கும் ஆன்லைன் பள்ளிகளும் இருக்கின்றன. சேர்வதற்கு முன்பு ஒரு நர்ஸ் கேட்க வேண்டியது நேரான கேள்வி: பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? 'உதவி செய்வோம்' என்பதும் 'இடம் தருவோம்' என்பதும் ஒன்றல்ல. கூடவே, அவர்கள் மாணவர்களில் எத்தனை பேர் முதல் முறையிலேயே சான்றிதழ்த் தேர்வில் தேறினார்கள் என்றும் கேட்க வேண்டும். சிசிஎன்இ அல்லது ஏசென் போன்ற நர்ஸிங் கல்வி அங்கீகாரம் இல்லாத பள்ளியோடு பேசவே வேண்டியதில்லை.

மாநில எல்லை இன்னொரு தலைவலி. நர்ஸ் உரிமத்துக்குப் பல மாநிலங்கள் சேர்ந்த கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை. தொலைக்கல்விக்கு வேறொரு கூட்டு ஒப்பந்தம். அதிலும் கலிஃபோர்னியா இல்லை. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு மாநில நர்ஸிங் போர்டுக்கும் வெளிமாநிலப் பள்ளியின் மாணவர் தன் எல்லைக்குள் பயிற்சி பெறுவது பற்றித் தனி விதி. நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் வசிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளாத ஆன்லைன் பள்ளிகள் பல. 2024 ஜூலை முதல் மத்திய அரசு விதி ஒன்று அமலில் இருக்கிறது: மத்திய அரசின் மாணவர் உதவி பெறும் பள்ளிகள், மாணவர் இருக்கும் மாநிலத்தின் உரிமத் தேவையைத் தங்கள் படிப்பு நிறைவு செய்கிறதா என்று உறுதிப்படுத்தியாக வேண்டும். மாணவருக்குப் பாதுகாப்பு தரும் விதிதான். ஆனாலும் படிப்பின் நடுவே கணவருக்கோ மனைவிக்கோ வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் மறுபடி எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் சில பத்தாயிரம் டாலரில் முடிக்கலாம். பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இதைப்போலப் பல மடங்கு ஆகும். இரண்டிலும் திரையில் ஓடுவது ஏறக்குறைய ஒரே பாடம். கூடுதல் கட்டணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு பாதிப் பதில், ஆன்லைன் படிப்பை நடத்தித்தரும் இடைநிறுவனங்கள். 2008-இல் தொடங்கிய டூயூ நிறுவனம் 2011-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைன் நர்ஸிங் முதுநிலையைக் கொண்டுவந்தது. மாணவர்களைத் தேடிச் சேர்ப்பது, மென்பொருள், மாணவர் உதவி எல்லாம் நிறுவனம் பார்க்கும். கட்டணத்தில் பெரும் பங்கு அதற்குப் போகும். 2024 ஜூலையில் டூயூ திவால் பாதுகாப்பு கேட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இப்படிப்பட்ட நிறுவனங்களில் சில பயிற்சி இடம் தேடும் வேலையையும் செய்தன. விளம்பரத்துக்குப் போன பணத்தில் ஒரு பகுதி பிரிசெப்டருக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியை எழுத வேண்டியிருக்காது.

உதவிகள் இருக்கின்றன. வேலை கொடுப்பவர் தரும் கல்வி உதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. அந்த உதவியை வருடா வருடம் பிரித்து வாங்குவதற்காகவே நான்கைந்து வருடம் மெதுவாகப் படிப்பவர்கள் உண்டு, புத்திசாலித்தனமான வழி. ஆனால் பணம் வாங்கினால் இத்தனை வருடம் அதே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸிங் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு மத்திய அரசின் கடன் திட்டம் ஒன்றில் 85 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. கடன் நிலவரம் மட்டும் வேகமாக மாறுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் முதுநிலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கடனை 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு நிறுத்துகிறது. சாதாரண முதுநிலைக்கு வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் வரம்பு. தொழில்முறைப் பட்டங்களுக்கு அதன் இரு மடங்குக்கும் குறையாத வரம்பு. 2025 இறுதியில் கல்வித் துறை முன்வைத்த தொழில்முறைப் பட்டங்களின் வரையறையில் நர்ஸிங் இல்லை. நர்ஸ் அமைப்புகள் கொதித்ததில் வியப்பில்லை. செலவு மிகுந்த மயக்கமருந்து நர்ஸ் படிப்புக்கு இது பெரிய அடி.

எம்எஸ்என் என்ற முதுநிலைப் பட்டமா, டிஎன்பியா என்ற குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் 2004-இல், மேம்பட்ட பணிக்கு 2015-க்குள் டிஎன்பியே நுழைவுத் தகுதியாக வேண்டும் என்றது. நடக்கவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் கல்வியாளர் அமைப்பு 2018-இல் அதை 2025 என்று நகர்த்தியது. மயக்கமருந்துப் பிரிவு மட்டும் உண்மையிலேயே முனைவர் பட்டத்துக்கு மாறிவிட்டது. மற்றவர்களுக்கு எம்எஸ்என் போதும். கிளினிக்கில் வேலை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் எம்எஸ்என் முடித்து வேலைக்குப் போய்விட்டு, டிஎன்பியைப் பிறகு யோசிப்பதே சரி.

ஆசிரியர் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் யாரும் அதை விளம்பரப்படுத்துவதில்லை. 2023-இல் அமெரிக்க நர்ஸிங் பள்ளிகள் 65,766 தகுதியான விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின. ஆசிரியர் இல்லை, பயிற்சி இடம் இல்லை, பிரிசெப்டர் இல்லை என்பவை காரணங்கள். படுக்கையோரத்தில் நிற்கும் நல்ல நர்ஸ் ஆசிரியராகப் போனால் பல ஊர்களில் சம்பளம் குறைகிறது. அப்படியும் போகிறவர்களுக்கு ஆன்லைன் படிப்பு மிக நல்ல வாசல்.

தமிழ் நர்ஸ்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. இங்கிருந்து அமெரிக்கா போகிறவர்களில் கணிசமானவர்கள் ஜிஎன்எம் டிப்ளமோ படித்தவர்கள். என்கிளெக்ஸ் தேறி ஆர்என் ஆகிவிடலாம். முதுநிலைக்கு முன்னால் பிஎஸ்என் பாலத்தைக் கடக்க வேண்டும். பி.எஸ்சி. நர்ஸிங் படித்தவருக்கு அது இல்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலும் பாட விவரமும் கல்லூரியிலிருந்து நேராக, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்துக்குப் போக வேண்டும். கல்லூரி மூடியிருந்தால், பழைய முதல்வர் ஓய்வு பெற்றிருந்தால், இந்த ஒரு காகிதமே பல மாதம் எடுக்கும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே மூடிய உறையில் கூடுதல் பிரதிகளுக்கு ஏற்பாடு செய்து வைப்பது நல்லது. மாணவர் விசாவில் போய் முழுக்க ஆன்லைனில் படிக்கவும் முடியாது. அந்த விசாவுக்கு வகுப்பறைப் படிப்பு வேண்டும். எனவே இது பெரும்பாலும் கிரீன் கார்டில் வேலைக்குப் போனவர்களின் வழி. வேலை ஒப்பந்தத்தின் முதல் இரண்டு மூன்று வருடத்தில், புது ஊர், புது உச்சரிப்பு, புது வார்டுப் பழக்கங்களுக்கு நடுவே படிப்பையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த வருடங்களில் பழகும் டாக்டர்களும் நர்ஸ் பிராக்டிஷனர்களும்தான் பின்னால் பிரிசெப்டர் ஆகப் போகிறவர்கள்.

இந்தியாவில் இருந்தபடி இப்படிப் படிக்கலாமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 ஒழுங்குமுறைகள் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபியோடு நர்ஸிங்கையும் வைத்திருக்கின்றன. போலிக் கல்லூரிகளும் பெயரளவுப் பயிற்சியும் எவ்வளவு சேதம் செய்யும் என்று பார்த்தவர்களுக்கு இந்தத் தடையின் காரணம் புரியும். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் பணியில் இருக்கும் நர்ஸ். எம்.எஸ்சி. நர்ஸிங் என்றால் இரண்டு வருடம் வேலையை விட்டு முழுநேரம் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் படிப்பு விடுப்பு கிடைத்தால் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

வேறு வழி இங்கேயே முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. இக்னோ பல வருடமாக நடத்திவந்த போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங், வேலையில் இருக்கும் ஜிஎன்எம் நர்ஸ்களுக்கானது. பாடம் தொலைநிலையில், செய்முறை ஆஸ்பத்திரியில். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இன்னும் சுவாரசியமானது. இரண்டு வருடம், ஆஸ்பத்திரியிலேயே ரெசிடென்டாக இருந்து படிப்பது. 20 சதவீதம் பாடம், 80 சதவீதம் நேரடிப் பயிற்சி. அமெரிக்க ஆன்லைன் மாணவர் அலைந்து தேடும் பிரிசெப்டர் இங்கே படிப்பின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறார். படித்து முடித்தவருக்கு மருந்து எழுதும் தெளிவான சட்ட அதிகாரம் இன்னும் வரவில்லை. 2023-இன் தேசிய நர்ஸிங் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டத்தின் கீழ் அதைத் தீர்க்க வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இது போன்ற படிப்புகளின் அந்த 20 சதவீதத்தை மட்டும் இணையத்தில் திறந்துவிடுவது. மீதி 80-க்கு வேண்டிய நோயாளிகளும் மூத்த டாக்டர்களும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியின் ஐசியூவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கே இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸும் இருக்கிறார்.